முதல் வளைவில் நடு இடம்

என் அப்பா ஸெனோனும் சித்தப்பா க்விடோனும் பேசிக்கொள்வதை நிறுத்தி முப்பத்தொரு வருடம் ஆகிறது. ஆனாலும் எங்கள் ஊரான போரோவினில் இஸ்க்ரா அணியின் பைக் பந்தயம் நடக்கிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரும் முதல் வளைவில் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். அப்பாவுக்குப் பத்தொன்பதாம் இடம், சித்தப்பாவுக்கு இருபத்தொன்று. நடுவில் இருபதாம் இடத்தில் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளத்தின் பெயர் போக்னா.

இடம் மாறி உட்கார்ந்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. அந்த மூன்று இடங்களும் தாத்தா காலத்தில், பெஞ்ச் என்பது வெறும் பலகையாக இருந்தபோதே எங்களுக்கு வந்துவிட்டவை. நாலு பைக்கும் ஒன்றாகச் சாய்ந்து முதல் வளைவில் திரும்பும்போது, பின்சக்கரம் வாரி இறைக்கிற மண் நேராக எங்கள் முகத்தில்தான் வந்து விழும். பிரேக்கே இல்லாத பைக். ஈர மண் தடம். அணிக்கு இரண்டு பேர், நாலு சுற்று, ஒரு நிமிடம், ஓர் ஓட்டம் முடிந்தது. அப்படிப் பதினைந்து ஓட்டம். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தால் தரையில் ஒரு கைப்பிடி மண் தேங்கும். முதல் வளைவில் இடம் வைத்திருக்கிற குடும்பம் வீட்டை விற்றாலும் விற்கும், அந்த இடத்தை விடாது.

சண்டை ஒரு பேனாவால் வந்தது. எங்கள் ஊரில் பந்தயத்துக்கு வருகிறவன் வாசலில் முதலில் வாங்குவது பந்தயப் புத்தகம். அதில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கட்டம் போட்டிருக்கும். முதலில் வந்தவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, ஒன்று, கடைசி ஆளுக்குச் சைபர். எல்லாவற்றையும் நம் கையால் எழுத வேண்டும். புள்ளிப் பலகையில் பெரிதாகப் போடுகிறார்களே என்று கேட்கக்கூடாது. கையால் எழுதாதவன் பந்தயம் பார்க்காதவன்.

தொண்ணூற்று நான்கில் எனக்குப் பன்னிரண்டு வயது. பதின்மூன்றாவது ஓட்டத்தின் கடைசி வளைவில் எங்கள் ஆள் பிலார்ஸ்கி விழுந்துவிட்டான். எதிராளி இடித்தானா, இவனாகவே விழுந்தானா என்று நடுவர் யோசித்துக்கொண்டிருந்தார். யார் மேல் தப்போ அவன் ஹெல்மெட்டின் நிறத்தில் விளக்கு எரியும். அப்பா எழுந்து நின்று, "இடிச்சுட்டான்! இடிச்சுட்டான்!" என்று கத்திக்கொண்டிருந்தார். சித்தப்பா மட்டும் அமைதியாகப் பேனாவை எடுத்து, பிலார்ஸ்கி பெயருக்கு எதிரே, நீக்கப்பட்டான் என்று குறி போட்டார். அப்பா அதைப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம்தான் எங்கள் சிவப்பு விளக்கு எரிந்தது.

விளக்கு எரிந்த பிறகு எழுதியிருந்தால் ஒரு பாவமும் இல்லை. விளக்கு எரியும் முன்னால், சொந்த ஆளுக்கு எதிராக, சொந்தக் கையால் எழுதுவதா? அப்பா அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்துப் போட்டார். பாதி எழுதிய புத்தகத்தைக் கிழிப்பது எங்கள் ஊரில் சாப்பிடுகிறவன் தட்டைக் கவிழ்க்கிற மாதிரி. யார் செய்தது பெரிய குற்றம் என்று முதல் வளைவு இன்றுவரை இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறது.

அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அம்மா இறந்திருந்தாள். சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு இருந்தது இந்த இரண்டு ஆண்கள்தான். அவர்கள் பேச்சை நிறுத்தியதும் பேசுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

"போக்னா, உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, காலை மடக்கி உக்காரச் சொல்லு. இது அவரு வீட்டுக் கட்டில் இல்ல."

"அம்மாடி, உங்க அப்பாகிட்ட சொல்லு, காலு வளர்ந்தது எங்க அம்மா வயித்துல. அவரும் அங்கதான் இருந்தாரு. அவருக்கு வளரல, நான் என்ன பண்ணட்டும்."

இரண்டு பேர் குரலும் இரண்டு பேர் காதிலும் நன்றாக விழும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் கணக்கு. சூரியகாந்தி விதைப் பொட்டலம் என் மடியில் இருக்கும். இடது பக்கத்திலிருந்து ஒரு கை வரும், வலது பக்கத்திலிருந்து ஒரு கை வரும். தப்பித்தவறிகூட இரண்டும் ஒரே நேரத்தில் வராது.

இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வேயில் இருக்கிறேன், போரோவின் நிலையத்தில் ரயில்களை எந்தத் தடத்தில் விடுவது என்று முடிவு செய்கிற வேலை. இருபத்து நாலு வயதில் வ்ரோத்ஸ்வா நகரத்தில் பெரிய வேலைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டு நிலைமை சரியில்லை என்று எழுதி மறுத்தேன். முப்பது வயதில் ஷ்செச்சினில் ஒருவன், நல்லவன், என்னைத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். பந்தயக் காலம் முடியட்டும் என்றேன். அவன் அதுவரை காத்திருக்கவில்லை. நான் போய்விட்டால் இந்த இரண்டு கிழடுகளும் ஆளுக்கொரு மூலையில் ஊமையாக உட்கார்ந்து செத்துப் போவார்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன். இதை அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தியாகம் மாதிரி ஆகிவிடும், எனக்கு அந்த வேஷம் பிடிக்காது.

இந்த வருடம் மூன்றாவதாக ஓர் அழைப்பு வந்தது. க்தினியாவில், கடலோரத்தில், ரயில் கட்டுப்பாட்டு அறைக்கே தலைமைப் பொறுப்பு. எனக்கு நாற்பத்து மூன்று வயது. நாலாவது அழைப்பு வராது. செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை இஸ்க்ராவின் கடைசிப் பந்தயம். ஜெயித்தால் இந்தப் பிரிவிலேயே இருக்கும், இல்லையென்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். மறுப்புக் கடிதத்தை வழக்கம்போல எழுதி வைத்துவிட்டேன், கையெழுத்து மட்டும் பாக்கி.

ஆகஸ்டு கடைசியில் நிலையத்துப் படிக்கட்டில் சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டு, இரண்டு ஊன்றுகோல். அந்த வார ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு என்னால் போக முடியவில்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் முறை. அப்பாவையும் சித்தப்பாவையும் நினைத்து அழுகையே வந்துவிட்டது. நடுவில் காலி இடத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எப்படி உட்கார்ந்திருப்பார்கள், பாவம். சமையலறையில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு டிவியைப் போட்டேன்.

நாலாவது ஓட்டம் முடிந்து டிராக்டர் தடத்தைச் சமன் செய்துகொண்டிருந்தபோது கேமரா கூட்டத்தைக் காட்டியது. முதல் வளைவு வந்தது. என் இடத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் தலையும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்திருந்தன. அப்பா ஏதோ சொன்னார், சித்தப்பா தொப்பி கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார். அப்பா அந்தத் தொப்பியை எடுத்து, முட்டியில் தட்டி மண்ணை உதறி, தம்பியின் தலையில் வைத்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கால் உடைந்ததில் இவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்றால் இன்னொரு காலையும் உடைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. உடனே தெயோஃபிலாவுக்குப் போன் செய்தேன். அவள் எங்களுக்குப் பின்வரிசை, பேக்கரிக்காரி, நாற்பது வருடமாக எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள்.

"தெயோஃபிலாக்கா! அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க! எப்ப ஆரம்பிச்சாங்க?"

"யாரு?"

"அப்பாவும் சித்தப்பாவும்!"

"ஐயையோ," என்றாள். "உனக்கு நிஜமாவே தெரியாதாடி? தெரிஞ்சே விளையாடறேன்னு இல்ல நாங்க நினைச்சோம்."

"என்ன தெரியாது?"

"நீ சாஸேஜ் வாங்க எழுந்து போவியே. நீ படியிறங்கின உடனே அவரு உன் இடத்துக்கு நகர்ந்துருவாரு. வாயி ஓயாது ரெண்டுக்கும். நீ கடுகுச் சட்னியோட திரும்பி வர்றது தெரிஞ்சா நாங்கதான் இருமிக் காட்டுவோம். எத்தனை வருஷமாவா? என் மூத்தவன் பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து. அவனுக்கு இப்ப தலை வழுக்கை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முதல் வளைவில் இருநூறு பேர் சேர்ந்து எனக்கு மறைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மீதிப் பந்தயத்தை நான் பார்க்கவில்லை. உட்கார்ந்து பழசையெல்லாம் கிளறினேன். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை மாறியது சித்தப்பாவுக்கு எப்படித் தெரிந்தது? சித்தப்பா பிடித்த கெண்டை மீன் அப்பாவின் பிரிட்ஜில் எப்படி வந்தது? நான்தான் ஒருவரிடம் ஒருவரைப் பற்றி உளறியிருப்பேன் என்று இத்தனை வருடம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ரயில்கள் மோதாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, கண் முன்னால் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தது தெரியவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊன்றுகோலோடு கிளம்பினேன். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊன்றுகோல் சத்தம் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. நான் படியேறும்போதே பின்வரிசையில் ஏழெட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. எழுபது வயதுச் சித்தப்பா இருபதாம் இடத்திலிருந்து இருபத்தொன்றுக்குத் தாவிய வேகத்தை அன்றைக்கு எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தடத்தில் காட்டவில்லை. என் இடத்தில் விதைத் தோல் கிடந்தது. தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

"அம்மாடி, கால் எப்படி இருக்கு? உங்க அப்பாகிட்ட சொல்லு, உடைஞ்ச காலோட பொண்ணைப் படியேற விட்டிருக்காரு, மனுஷனா அவரு."

"போக்னா, உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, நீ வர்றது எனக்கே தெரியாதுன்னு."

இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நடிப்பில் ஒரு பிசகு இல்லை. எனக்குக் கோபம் காதுவரை ஏறியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நாடகத்தை இவர்களுக்கு மட்டும்தான் ஆடத் தெரியுமா?

ஐந்தாவது ஓட்டத்துக்கு அப்புறம் சித்தப்பா சொன்னார்: "காத்து அடிக்குது. உங்க அப்பாகிட்ட சொல்லு, கழுத்துத் துண்டைச் சரியாச் சுத்திக்கச் சொல்லு."

நான் அப்பா பக்கம் திரும்பினேன். "அப்பா, சித்தப்பா சொல்றாரு, பிலார்ஸ்கி விஷயத்துல நீங்க பண்ணது கழுதை வேலையாம். இன்னும் நீங்க கழுதைதானாம்."

அப்பாவின் முகம் சிவந்தது. என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"டேய் க்விடோன்! அப்படியா சொன்ன?"

"ஐயோ, நான் சொல்லவே இல்லண்ணே! துண்டைப் பத்தி இல்ல சொன்னேன்!"

முப்பத்தொரு வருடம் கழித்து என் காதில் விழுந்த முதல் 'அண்ணே' அது. பின்வரிசையில் யாரோ "போச்சு" என்றார்கள். தெயோஃபிலா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பாவும் சித்தப்பாவும் திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளைகள் மாதிரித் தடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தடத்தில் ஒரு பைக் கூட இல்லை, தண்ணீர் வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டேன்.

சித்தப்பாதான் சொன்னார்.

"ரெண்டு வருஷம் நிஜமாத்தான் பேசலைம்மா. சாமி சத்தியமா. அப்புறம் உனக்குப் பதினாலு வயசு. ஒரு பந்தயம் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் உங்க அப்பாகிட்ட சொல்லியிருக்க, அடுத்த வாரத்துல இருந்து வரமாட்டேன், அந்தச் சத்தமும் மண்ணும் எனக்குப் பிடிக்கவே இல்ல, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கமாட்டீங்களேன்னுதான் வந்து உக்காருறேன்னு."

எனக்கு அது நினைவில்லை. பதினாலு வயதில் எதைத்தான் பிடிக்கவில்லை என்று சொல்லாமல் இருந்தேன்.

"அன்னைக்குச் சாயங்காலம் இவரு என் வீட்டுக் கதவைத் தட்டினாரு. ரெண்டு வருஷம் கழிச்சு. வாசல்லயே நின்னுக்கிட்டு, டேய், பொண்ணு வரமாட்டாளாம், என்ன பண்றதுன்னாரு. உங்க அம்மா போனப்பகூட அவரு அப்படி நின்னு நான் பாத்ததில்ல. சண்டைக்காகத்தானே வர்றா, அப்ப சண்டை அப்படியே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு வருஷம்னு நினைச்சோம். நீ பாட்டுக்கு வந்துகிட்டே இருந்த."

"நான் பாட்டுக்கா? வ்ரோத்ஸ்வா வேலையை எதுக்கு விட்டேன் தெரியுமா? ஷ்செச்சின்காரனை எதுக்கு விட்டேன் தெரியுமா? நாளைக்குக் க்தினியாவுக்குப் பதில் சொல்லணும். மாட்டேன்னு எழுதி வச்சிருக்கேன். எல்லாம் நீங்க ரெண்டு பேரும் ஊமையாப் போயிருவீங்கன்னு! இருபத்தொன்பது வருஷம்ப்பா!"

வ்ரோத்ஸ்வா, ஷ்செச்சின், க்தினியா, மூன்றையும் அவர்கள் அப்போதுதான் கேள்விப்படுகிறார்கள். அப்பாவின் கையிலிருந்து பேனா கீழே விழுந்தது. அதை அவர் குனிந்து எடுக்கவில்லை. ஆறாவது ஓட்டம் நடந்து முடிந்தது. அவர் புத்தகத்தில் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

"நீ சொல்லவே இல்லையே, கண்ணு."

"நீங்க கேக்கவே இல்லையே! உங்க டீம், உங்க பெஞ்சு, உங்க சண்டை. எனக்கு இது பிடிக்குதான்னு ஒருநாளாவது ரெண்டு பேர்ல யாராவது கேட்டீங்களா?"

அப்பா காலியாகக் கிடந்த கட்டத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "கேக்க பயமா இருந்துச்சு. பிடிக்கலைன்னு சொல்லிட்டா?"

கோபத்தில் இருக்கிறவளிடம் அப்படியெல்லாம் உண்மையைச் சொல்லக்கூடாது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடுகிறது. அதற்கப்புறம் எட்டு ஓட்டம் வரை நாங்கள் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூன்று இடத்தில் முதல் முறையாக உண்மையான சண்டை நடந்தது, ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஆள் இல்லை.

பதினாலு ஓட்டம் முடிந்தபோது நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு. கடைசி ஓட்டத்தில் எதிராளிகளைவிட ஒரு புள்ளியாவது கூட எடுத்தால் பிழைப்போம், சமமாக முடிந்தாலும் கீழே போவோம். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் ஊன்றுகோலை எடுத்தேன்.

"எங்கம்மா போற?" என்றார் சித்தப்பா.

"வீட்டுக்கு."

கடைசி ஓட்டத்துக்கு முன்னால் முதல் வளைவிலிருந்து ஒருவர் எழுந்து போனதை யாரும் பார்த்ததில்லை. கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு வழிவிட்டது. நான் ஒவ்வொரு படியாக இறங்கி, சாஸேஜ் கடையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கார்கள் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. நல்ல வெயில். க்தினியாவுக்குப் போகலாம், இனி எனக்கு ஒரு தடையும் இல்லை, இரண்டு பேரும் ஜாலியாக மீன் பிடித்துக்கொண்டு நூறு வயது இருப்பார்கள். இதெல்லாம் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம், ஓட்டம் தொடங்க இரண்டு நிமிடம் என்று மணி அடித்தது. முதல் பைக் உறுமியது. அப்புறம் இரண்டாவது. அது எங்கள் ஆள் வ்ரோனாவின் பைக் என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. போன மாதம் அவன் எஞ்சினை மாற்றியதிலிருந்து அதன் அடிவயிற்றில் ஒரு கரகரப்பு. வ்ரோனாவை உள் தடத்தில் விட்டிருக்கிறார்களா, வெளித் தடத்தில் விட்டிருக்கிறார்களா? வெளியில் விட்டிருந்தால் தொலைந்தோம். இன்றைக்கு வெளித் தடத்தில் மண் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது, மூன்றாவது ஓட்டத்திலேயே நான் பார்த்துவிட்டேன். சாயங்காலம் நடக்கிற கடைசி ஓட்டத்துக்கு உள் தடம்தான். இதை அந்தப் பயிற்சியாளன் கவனித்திருப்பானா, அவனுக்கு மூளை இருக்கிறதா?

நான் திரும்பி ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு காலும் இரண்டு கட்டையும் சேர்ந்து ஓடுவதை ஓட்டம் என்று சொல்லலாமென்றால் ஓடினேன். என்னைக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. வாசற்காவலர் "மெதுவாங்க, மெதுவா" என்றார். அவரை நான் என்ன திட்டினேன் என்பதை எழுதுவதற்கில்லை. படியேற நேரமில்லாமல் கம்பி வேலி ஓரமாகவே போய் நின்றேன். தொடக்கக் கோட்டில் கட்டியிருந்த நாடா மேலே பறந்தது. வ்ரோனா உள் தடம்தான்! முதல் வளைவில் நாலு பைக்கும் என்னை நோக்கி வந்து சாய்ந்தன. மண் என் கண்ணிலும் பல்லிலும் விழுந்தது. வ்ரோனாவின் சிவப்பு ஹெல்மெட் முதலில், எங்கள் இன்னோர் ஆளின் நீலம் மூன்றாவது. மூன்றும் ஒன்றும் நாலு. நாலுக்கு இரண்டு. பிழைத்தோம்.

"விடாதடா! விடாதடா வ்ரோனா! உள்ள மூடு! உள்ள மூடுடா!"

யார் இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க இருந்தேன். நான்தான். மூன்று சுற்றும் அப்படியே போனது. கடைசி வளைவில் வ்ரோனா அரை அடி வெளியே விலகினான். அரை அடிதான். எதிராளியின் வெள்ளை ஹெல்மெட் அந்த இடைவெளிக்குள் நுழைந்து அரைச் சக்கரம் முன்னால் கோட்டைத் தாண்டியது.

மூன்றுக்கு மூன்று. நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து. தோற்காமலே கீழே போனோம். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் தண்ணீர் ஒழுக, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன். அம்மாவின் சாவுக்கப்புறம் அப்படி அழுததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு மெல்லப் படியேறினேன். அவர்கள் இரண்டு பேரும் அவரவர் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பது, இருபத்தொன்று. நான் போய் நடுவில் உட்கார்ந்தேன். அப்பா கைக்குட்டையை எச்சிலில் நனைத்து என் கன்னத்து மண்ணைத் துடைத்தார், நாற்பத்து மூன்று வயதுக்காரி என்கிற நினைப்பே இல்லாமல்.

"அவன் உள் பக்கத்தை மூடியிருக்கணும்," என்றேன். குரல் போய்விட்டிருந்தது.

"மூணாவது சுத்துலயே விலக ஆரம்பிச்சுட்டான்," என்றார் சித்தப்பா. "டயர் போயிருச்சு."

"டயர் இல்லடா, தைரியம் போயிருச்சு," என்றார் அப்பா. "பின்னால சத்தம் கேட்டதும் திரும்பிப் பாத்தான். நான் பாத்தேன்."

"எங்கப்பா பாத்தான்? நான் வேலியில இருந்தேன். பாக்கவே இல்ல. கை நழுவிருச்சு அவனுக்கு."

"வேலியில இருந்தவளுக்குக் கடைசி வளைவு எப்படித் தெரியும்?"

"உக்காந்திருந்த கிழவனுக்கு எப்படித் தெரியும்?"

"அப்படிக் கேளும்மா," என்றார் சித்தப்பா. அவரையும் விடவில்லை நான். டயர் என்று சொன்னதற்கு அவருக்கும் வாங்கிக் கொடுத்தேன். துப்புரவுக்காரர்கள் வந்து எங்கள் காலடியில் பெருக்குகிறவரை மூன்று பேரும் நேருக்கு நேர் சண்டை போட்டோம். கடைசியில் எழுந்திருக்கும்போது, "நான் க்தினியாவுக்குப் போறேன்," என்றேன்.

சித்தப்பா என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார். அப்பா ஊன்றுகோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"முன்னாடியே போயிருக்கணும்," என்றார். "போ, கண்ணு. அங்க கடல் காத்து, உனக்கு ஒத்துக்குமா பாரு."

மறுநாள் காலையில் மறுப்புக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டுக் க்தினியாவுக்குப் போன் செய்தேன். தொண்டை கட்டியிருந்ததால் மறுமுனையில் போனை எடுத்த அம்மாளுக்கு நான் பேசுவது முதலில் புரியவில்லை. சம்பளம், வீடு, எந்தத் தேதியில் சேருவது, எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

"உங்களுக்கு வேற ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஒண்ணுவிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை போடக்கூடாது. நான் போரோவினுக்கு வரணும்."

எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. வீட்டுல வயசானவங்களைப் பாத்துக்கணும்னு போட்டுரட்டுமா? அப்படின்னா உடனே கிடைச்சுரும்."

"வேண்டாங்க," என்றேன். "அவங்க நல்லா இருக்காங்க. என் டீம் கீழ இறங்கிருச்சு. அடுத்த வருஷம் நான் இருந்தே ஆகணும்."